வலி இல்லை, குடைச்சல்தான்

டிஸ்கம்ஃபர்ட் என்ற இங்கிலீஷ் வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அசௌகரியம் என்று அர்த்தம் சொல்வார்கள். நாற்காலி சரியில்லை என்றால் சொல்லலாம், பஸ்ஸில் காற்று வரவில்லை என்றால் சொல்லலாம். ஒரு பெண்ணின் காலைப் பற்றி நான் அதை எழுதினேன். எழுதியவள் நான்தான் என்பதால் என் கோபம் எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடைசியில் என்னிடமே வந்து நிற்கிறது. அதற்காக மற்றவர்களைச் சும்மா விடுவதாக இல்லை.

கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே நாள்பட்ட வலிக்கான ஆராய்ச்சிப் பிரிவில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். மாதக்கணக்கில் விடாமல் இருக்கும் கால் வலிக்கு ஒரு புது மாத்திரை. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது போகிறது என்று கொடுக்கிற எங்களுக்கே தெரியாது. திங்கட்கிழமை வேன் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் போய் ஆட்களை ஏற்றி வரும், புதன்கிழமை கோவளம், வெள்ளிக்கிழமை அணுபுரம். வருகிறவர்களை உட்காரவைத்துக் கேள்வித்தாளைப் படித்து, பதிலைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை.

அதில் முதல் கேள்வி இப்படிப் போகும்: 'கடந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாங்கள் அனுபவித்த வலியின் அதிகபட்சத் தீவிரத்தைப் பூஜ்ஜியம் முதல் பத்து வரையிலான அளவுகோலில் குறிப்பிடவும்.' இந்தத் தமிழைப் பேசுகிற மனிதர் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. எங்கோ ஒரு ஊரில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து யாரோ மொழிபெயர்த்து, இன்னொருவர் அதைத் திரும்ப இங்கிலீஷுக்கு மாற்றிச் சரிபார்த்து, முத்திரை குத்தி அனுப்பியது. அதை எழுத்து மாறாமல் படிக்கவேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது. புரியவில்லை என்றால் அதையே மறுபடி படிக்கவேண்டும், அவ்வளவுதான். அதற்கு அவர்கள் சொன்ன காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டால் ஆளுக்கு ஒரு விதமாகப் பதில் வரும், பிறகு மாத்திரை வேலை செய்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்?

நான் அதை அழகாகப் படிப்பேன். வெளியூரிலிருந்து வந்த கண்காணிப்பாளர் என் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு எல்லோர் முன்னாலும் பர்ஃபெக்ட் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவள் நான். அம்மா நாற்று நட்டவர், இப்போது அணுசக்தித் துறைக்காரர்கள் குடியிருக்கும் அணுபுரம் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்கிறார். எங்கள் தெருவில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிய முதல் பெண் நான்தான். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் வூடு, கீது என்கிற எங்கள் தெருப் பேச்சு என் வாயிலிருந்து இறங்கிக்கொள்ளும். அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை வேனில் அந்த அக்கா வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி இருக்கும் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். அண்டா, குண்டான், ஆயிரம் தட்டு. ஈரத் தரையில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடியே ஆறு வருடம். அதே கேன்டீனில் காய் நறுக்கும் மேசை ஒன்று இருக்கிறது. அங்கே உட்கார்ந்து வேலை செய்யலாம். அங்கே மாற்றிவிடச் சொல்லிச் சூப்பர்வைசரைக் கேட்டிருக்கிறார். கால் பிரச்சினை என்று ஆஸ்பத்திரிப் பேப்பர் இருந்தால் கொண்டு வா, பார்க்கலாம் என்றிருக்கிறார் அவர். அக்காவுக்கு ஆராய்ச்சியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். அந்தப் பேப்பருக்காகத்தான் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்.

நான் கேள்வியைப் படித்தேன்.

"வலியா?" என்றார். "வலி இல்லம்மா. குடைச்சல்தான்."

விதிப்படி மறுபடி படித்தேன்.

"அதான் சொல்லிகினுகீறேனே. வலின்னா அடிபட்டா வரும். புள்ள பெக்கசொல்ல வரும். இது அதில்ல. முட்டிக்குக் கீழ எலும்புக்குள்ள பூந்துகினு குடையுது. பொழுது சாஞ்சா கால வெட்டிப் போட்டுட்லாம் போலக் கீது."

"சரிங்க. பூஜ்ஜியம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாத வலி. உங்கள் வலிக்கு எத்தனை கொடுப்பீர்கள்?" இப்படித்தான், அச்சடித்த தமிழில் கேட்டேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். காது கேட்காத ஆளிடம் பேசுவதுபோல நிதானமாகச் சொன்னார்: "வலிக்கு சைபர் போட்டுக்கோ. குடைச்சலுக்கு இன்னா நம்பர்னு கேளு, சொல்றேன்."

குடைச்சலுக்கு நம்பர் கேட்கும் கேள்வி என் தாளில் இல்லை. பூஜ்ஜியம் போட்டேன். கீழே குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு, அதை இங்கிலீஷில் நிரப்பவேண்டும். குடைச்சலுக்கு என்ன எழுதுவது என்று அரை நிமிஷம் யோசித்தேன். அரை நிமிஷம்தான். அடுத்த ஆள் காத்திருந்தார். வலி இல்லை, கால்களில் டிஸ்கம்ஃபர்ட் மட்டும் என்று தட்டினேன்.

அதோடு முடியவில்லை. ஒரு மனித உருவப் படத்தைக் கொடுத்து, எங்கே வலிக்கிறதோ அங்கே பேனாவால் தீட்டச் சொல்லவேண்டும். அக்கா இரண்டு காலிலும் முட்டிக்குச் சற்றுக் கீழே குறுக்காக ஒரு பட்டை வரைந்தார். முன்பக்கப் படத்தில் ஒரு ஜோடி, பின்பக்கப் படத்தில் ஒரு ஜோடி. ஆராய்ச்சியின் தலைமை மருத்துவர் அதை வாங்கிப் பார்த்து, "என்ன இது, சாக்ஸா?" என்றார். நானும் சிரித்தேன். அக்கா புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார். முட்டிக்குக் கீழே வரைந்த இடத்திலேயே தோல் கறுத்து, பள்ளம் விழுந்த தடம். துணியை இறுக்கிக் கட்டிக் கட்டி விழுந்த தடம். அது என்ன என்று மருத்துவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. தடத்துக்கும் என் தாளில் கட்டம் இல்லையே.

அன்றைக்கே அணுபுரத்துக்காரர் ஒருவர் வந்திருந்தார், பெரிய பதவியில் இருப்பவரின் மனைவி, தனிக் காரில். "பெயின் ஸ்கோரா? ஸெவன். இல்லை, ஸெவன் அண்ட் ஹாஃப் போடுங்களேன்" என்றார். அவர் வலியை நான் சந்தேகப்படவில்லை. அவருக்கும் பாதம் எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் சேர்த்துக்கொள்ளப்பட்டார். நான்குக்குக் கீழே இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை என்பது விதி. அக்காவின் கையில் கம்ப்யூட்டரில் இங்கிலீஷில் அடித்த ஒரு தாளைக் கொடுத்தோம். வலி பூஜ்ஜியம், தகுதி இல்லை. கீழே ஆஸ்பத்திரி முத்திரை. பேப்பர் கிடைத்த சந்தோஷத்தில் அதை மடிக்காமல் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த திங்கட்கிழமை அதே வேனில் வந்து இறங்கினார். டிரைவர் எப்படி ஏற்றினார் என்று தெரியவில்லை. நேராக என் மேசைக்கு வந்து தாளை என் கீபோர்டு மேல் போட்டார்.

"இன்னாம்மா எழுதிக் குடுத்துகீற? இங்கிலீசு தெரியாதவகிட்ட இன்னா வேணா எழுதிக் குடுக்கலாம்னு நெனப்பா? சூப்பர்வைசர் எல்லாருக்கும் படிச்சிக் காட்டி சிரிக்கிறாரு. ஆஸ்பத்திரியே ஒனக்கு ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துகீது, இனிமே கால் கீல்னு என்கிட்ட வராதன்னுட்டாரு."

நீங்கள்தான் வலி இல்லை என்று சொன்னீர்கள் என்றேன். இதைச் சொன்ன வாயை என்ன செய்வது.

"ஆமா, வலி இல்லன்னு சொன்னேன். குடைச்சல்னும் சொன்னேன் இல்ல? அத இன்னா பண்ண?" குரல் உயர்ந்தது. காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சட்டென்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஒன்னப் பாத்தா எங்க பக்கத்துப் பொண்ணாட்டம்தான் கீது. உங்க வூட்ல யாருக்கும் குடைச்சலே வந்தது இல்லியா?"

 செக்யூரிட்டி வந்து அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனார். அதையும் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா டிவி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து பழைய புடவைக் கரையைக் கிழித்துக்கொண்டிருந்தார். ஒரு சாண் அகலம். முட்டிக்குக் கீழே இரண்டு சுற்றுச் சுற்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டார். வேலைக்குப் போய் வந்த நாளெல்லாம் இதைச் செய்வார். சின்ன வயதில் முடிச்சு நழுவாமல் என் விரலை வைத்துப் பிடித்திருக்கிறேன். கட்டினால் ரத்தம் நின்று கால் மரத்துப்போகும், மரத்தால் குடைச்சல் தெரியாது, கொஞ்ச நேரம் தூங்கலாம். இதுதான் எங்கள் தெருப் பெண்களின் வைத்தியம். அக்கா படத்தில் வரைந்தது இந்தக் கட்டைத்தான்.

பையை வைக்காமலே, கேள்வித்தாளை எடுக்காமலே, அந்த முதல் கேள்வியை எழுத்து மாறாமல் அம்மாவிடம் சொன்னேன்.

"இன்னாடி இது, சர்ச்சில வாசிக்கிறாப்ல வாசிக்கிற?" என்று சிரித்தார். "வலில்லாம் ஒண்ணும் இல்ல. குடைச்சல்தான்."

பெற்ற தாய் பூஜ்ஜியம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மாவையே திட்டினேன். வலி என்று சொன்னால் என்ன குறைந்துவிடும், ஏன் யாருமே சொல்லித் தொலைய மாட்டேன் என்கிறீர்கள் என்று கத்தினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு வெட்கமாகப் போய்விட்டது. அவர் சரியான சொல்லைத்தான் சொன்னார். அடி வேறு, எரிச்சல் வேறு, கடுப்பு வேறு, குடைச்சல் வேறு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவரிடம், எல்லாவற்றையும் வலி என்று ஒரே பையில் போட்டுக் கேட்டால் இல்லை என்றுதானே சொல்வார்?

மறுநாள் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். சேர்க்காமல் திருப்பி அனுப்பியவர்களின் தாள்கள். பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். ஊரும் தொழிலும் இருக்கும். கோவளத்தில் இறால் உரிப்பவர், செங்கல்பட்டில் ஜவுளிக்கடையில் நின்று துணி காட்டுபவர், கட்டட வேலைக்குச் செங்கல் தூக்குபவர். பூஜ்ஜியம், ஒன்று, பூஜ்ஜியம். குறிப்புக் கட்டத்தில் டிஸ்கம்ஃபர்ட், டிஸ்கம்ஃபர்ட், டிஸ்கம்ஃபர்ட். வேறு யாரும் அந்த வார்த்தையைப் போடவில்லை. எல்லாம் என் கைவரிசை.

தலைமை மருத்துவரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் கூடுதல் எரிச்சல். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். டீ வரவழைத்தார். "நீங்கள் சொல்வது ரொம்ப சுவாரசியமான விஷயம்" என்றார். "ஆனால் இது சரிபார்க்கப்பட்ட மொழிபெயர்ப்பு. நடுவில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அடுத்த ஆராய்ச்சியில் பார்ப்போம்." அந்த அக்காவின் தாளையாவது திருத்திக் கொடுங்கள் என்றேன். முதலில் பதிந்ததுதான் ஆவணம், அதில் கை வைக்க முடியாது என்றார்.

அதையும் ஜீரணித்திருப்பேன். அந்த வாரம் ஒரு கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள், சமோசா வந்திருந்தது. திரையில் ஒரு வரைபடம் காட்டினார்கள். உழைக்கும் குடும்பத்துப் பெண்கள் சொல்லும் வலி அளவு, மற்றவர்கள் சொல்வதைவிட மிகக் குறைவு. காரணம் என்று கீழே எழுதியிருந்தது: இப்பகுதிப் பெண்களின் கலாசாரத்தில் ஊறிய சகிப்புத்தன்மை. ஒருவர் உண்மையிலேயே நெகிழ்ந்து, "என்ன ஒரு மனவலிமை பாருங்கள்" என்றார். நான் எழுதிய பூஜ்ஜியங்களை அடுக்கி அதன்மேல் ஏறி நின்று எங்கள் அம்மாக்களுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எழுந்துவிட்டேன். "சார், அவங்க தாங்கிக்கல. நாமதான் கேக்கல" என்றேன். அந்த அறையில் நான் பேசிய முதல் வீட்டுத் தமிழ் அதுதான்.

"எமோஷனல் ஆகாதீர்கள்" என்றார் தலைமை மருத்துவர். காலைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவர்களுக்குச் சகிப்புத்தன்மை, அதைச் சொன்ன எனக்கு எமோஷன். அங்கே யாருக்கும் எதுவும் வலிக்கவில்லை. உட்கார்ந்து, விதிமீறல் அறிக்கை என்று ஒரு படிவம் உண்டு, அதை எடுத்து நிரப்பினேன். குடைச்சல் என்பது வலிதான், நான் தவறாக மொழிபெயர்த்தேன், இன்னின்ன எண்ணுள்ள தாள்கள் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாளில் எனக்கு மெமோ வந்தது. தகுந்த பயிற்சி இன்மை என்று போட்டிருந்தது. பர்ஃபெக்ட் என்றவரும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

வேன் டிரைவரிடம் விசாரித்து அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். திட்டுவார் என்றுதான் போனேன். பாத்திரம் கழுவிவிட்டு வந்து வாசல்படியில் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் அம்மாவுக்கும் குடைச்சல் உண்டு, எனக்குத் தெரியும், தெரிந்தும் தப்பாக எழுதினேன் என்று சொன்னேன்.  "தெரிஞ்சிகினேவா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

அடுத்த நாள் அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இரண்டு மணி நேர வரிசை. மருத்துவர் இளைஞர், தூக்கமில்லாத கண். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "என்னம்மா பண்ணுது?" என்றார்.

"குடையுது சார், முட்டிக்குக் கீழ."

"எத்தன நாளா? நின்னுக்கிட்டே வேலையா? கட்டிக்கிட்டுதான் தூங்குறீங்களா?" கேட்டுக்கொண்டே குனிந்து தடத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். குண்டூசியால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். இப்படிக் கட்டாதீர்கள், நரம்பு கெட்டுப்போகும் என்று அதட்டினார். மாத்திரை எழுதினார். நின்று வேலை செய்யக் கூடாது என்று சீட்டிலும் எழுதினார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. என்ன பண்ணுது என்ற இரண்டு சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது. கைதேர்ந்த நிபுணர்கள் உட்கார்ந்து செய்த எங்கள் கேள்வித்தாளில் அந்த இரண்டு சொல் மட்டும் இல்லை.

ஆனால் சூப்பர்வைசர் அந்தச் சீட்டை ஏற்கவில்லை. கையால் கிறுக்கிய சீட்டா, கம்ப்யூட்டரில் அடித்து முத்திரை போட்ட தாளா, எது பெரிது என்று கேட்டாராம். தாளை அவர் முன்பே நகல் எடுத்து வைத்திருந்தார்; என் பூஜ்ஜியம் அவர் மேசை டிராயரில் உட்கார்ந்திருந்தது. அக்கா போனில் சொன்னார்: "நீ போட்டத நீயே வந்து எடு."

மெமோவில் இன்னொரு வரியும் இருந்தது. ஆராய்ச்சி குறித்து வெளியாரிடம் பேசினால் வேலை போகும். அடையாள அட்டையை மாட்டிக்கொண்டுதான் போனேன். கேன்டீன் பின்வாசலில் அக்கா பூட்ஸோடு வந்து நின்றார். கையில் சோப்பு நுரை. உள்ளே காய் நறுக்கும் மேசை தெரிந்தது, நீளமான ஸ்டீல் மேசை, எதிரே ஐந்து ஸ்டூல். ஒன்று காலியாக இருந்தது.

"இந்தத் தாளில் பூஜ்ஜியம் போட்டது நான்தான். தப்பாகப் போட்டேன்" என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எழுதிக் குடுப்பீங்களா மேடம்?"

எழுதினேன். இவருக்கு இரண்டு காலிலும் கடுமையான குடைச்சல் இருக்கிறது, அதை வலி இல்லை என்று நான் தவறாகப் பதிந்தேன். தமிழிலேயே எழுதி, பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட்டேன். அந்தப் பதவி அடுத்த வாரமே போய்விட்டது. அது கிடக்கட்டும்.

அவர் இரண்டு முறை படித்தார். "சரி, நாளைலேர்ந்து காய்க்கு ஒக்காரட்டும்" என்றார். பிறகு ஆபீஸுக்கு அனுப்பவேண்டிய ரெஜிஸ்டரைத் திறந்து, காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இத இங்கிலீஷ்ல போடணும் மேடம். குடைச்சலுக்கு இங்கிலீஷ்ல இன்னா?"

அக்கா நுரைக் கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெயின்" என்றேன்.

நாலு எழுத்தை எழுதிவிட்டு இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான்" என்றேன்.